வெட்டியவன் சொன்ன கணக்கு

மரான்யோன் வடிந்து
படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்த மாதம்
நெரெய்டா வந்தாள்,
மழையிலும் எழுதக்கூடிய மஞ்சள் நோட்டோடு.
நான்கு நாள் இடுப்பளவு சேற்றில் நின்று எண்ணினாள்.

அகுவாஹே பனை நூற்று அறுபத்தொன்று.
குலை தள்ளுவது ஒன்பது.
மீதி பூத்துக் கொட்டும், காய்க்காது.
ஆண்.

"கணக்கு உதைக்கிறதே," என்றாள்.
"பாதிக்குப் பாதியல்லவா முளைத்திருக்கும்?"
லியோவினா
கன்னத்தில் உட்கார்ந்த கொசுவைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.

சொன்னேன்:
பெண்ணை வெட்டினேன்.
பன்னிரண்டு வருஷம்.
பழம் முப்பது மீட்டர் மேலே,
அடிமரம் என் இடுப்புக்கு நேரே.
மரத்துக்கு ஐந்து மூட்டை,
நவுத்தா துறையில் கைமேல் காசு.
படகு மோட்டார், சுலெமாவின் பள்ளிச் சட்டை,
தம்பியின் குடலிறக்க ஆபரேஷன்,
இதோ இந்தத் தகரக் கூரை,
எல்லாம் பெண்ணை.
ஆணை எவன் வெட்டுவான்?
அவை நிற்கின்றன
பெண் கொடுக்க ஆளில்லாத ஊரின்
மாப்பிள்ளைகள்போல
வருஷாவருஷம் பூச்சூடி.

ஏசுவாள் என்று குனிந்து நின்றேன்.
அவள் புதுப் பக்கம் திருப்பினாள்.
"எங்கெங்கே?"

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காட்டு விளிம்பில்
லியோவினா சுருட்டைப் பற்றவைத்து
காட்டின் தாய்க்குப் புகை ஊதினாள்.
நெரெய்டா காத்திருந்தாள்.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டாள்:
புகை, காலை 6.40.

அடிக்கட்டைகள் மட்கியிருந்தன.
கால் துழாவியது, வாய் சொன்னது.
இது சுலெமா பிறந்த வாரம்.
கொட்டைவரை சிவந்த சதை,
நகக்கண்ணில் இரண்டு நாள் எண்ணெய்.
இது வெளிறல், கோழிக்குப் போட்டோம்.
இது விழும்போது
பக்கத்துப் பட்டமரத்தையும் இழுத்துக்கொண்டது.
பொந்தில் கிளிக்குஞ்சு மூன்று.
அதைச் சொல்ல வேண்டுமா?
"சொல்லுங்கள்."

மூட்டையில் வாங்கித் தின்றவனுக்கு
எந்த ருசி எந்த மரம் என்று தெரியாது.
கோடரி பிடித்தவனுக்குத் தெரியும்.
இல்லாத மரம் ஒவ்வொன்றுக்கும்
குச்சி நட்டு, தகரத்தில் எண் கட்டினாள்.
எண்பத்து மூன்று.
மிச்சம் என் கூட்டாளிகளின் கணக்கு.
அவர்கள் இகிட்டோஸில் ஆட்டோ ஓட்டுகிறார்கள்.

"தாய்மரத்தின் கீழேதானே விதை விழுந்திருக்கும்,
அங்கே கன்று தேடலாம்," என்றாள்.
"கீழே கிடைக்காது," என்றாள் லியோவினா.
"டேப்பிர் தின்னும், நடக்கும், போடும்.
சிவப்பைத்தான் முதலில் தின்னும்."
அதன் தடத்தைப் பிடித்துப் போனோம்.
சாணத்தின் வழியெல்லாம்
விசிறி விரித்து நின்றன கன்றுகள்.

ஆணா பெண்ணா,
பூக்கும்வரை கன்று வாய் திறக்காது.
நெரெய்டா இலைநுனி கிள்ளி
ஜவ்வரிசிபோல் மணிகள் கிடந்த பொட்டலத்தில் போட்டாள்.
லிமாவில் ஒரு இயந்திரம் சொல்லப் பார்க்கிறதாம்.
சொல்லும் என்று சொல்லவில்லை அவள்.
அதனால் நம்பினேன்.

கடிதம் அடுத்த வெள்ளத்தோடு வந்தது.
இருபத்தாறாம் கன்று: ஆண்.
லியோவினா சிரித்தாள்.
"பெண். மட்டை விரிகிற விதத்தைப் பார்."
ஒரு கோழி பந்தயம்.
அதையும் எழுதிக்கொண்டாள் நெரெய்டா.
பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும்.
பந்தயக் கோழியைப் போன மாதமே
குழம்பு வைத்துத் தின்றாயிற்று.

நான் இப்போது வார்ப்பட்டை இரண்டைக் கட்டி
அந்த ஒன்பதில் ஏறுகிறேன்.
முதல் தடவை தொடை நடுங்கியது.
மேலேயிருந்து பார்த்தால்
காட்டில் ஓட்டைகள்.
ஒவ்வொன்றிலும் வெயில் நேராய் இறங்குகிறது.
எனக்கு அவற்றின் எண்கள் தெரியும்.

குலையை அறுத்துக் கயிற்றில் இறக்கினேன்.
பாரம் போனதும்
மரம் லேசாக நிமிர்ந்தது,
என்னையும் தூக்கிக்கொண்டு.

கீழே இரண்டு பெண்களும்
இருபத்தாறைச் சுற்றி நின்று
இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.